லூபெர்ட் கொண்டுவந்த படம்

படத்தை மேசைமேல் வைத்த பிறகும் லூபெர்ட் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. மற்றவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். பாவம், இந்த வருஷமாவது தேறட்டும் என்றுதான் எல்லோருக்கும் இருந்தது.

நெதர்லாந்தின் டெவென்டர் ஊரில் எங்கள் புகைப்பட மன்றம் நூலகத்தில் வைக்கும் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் மாலை அது. லூபெர்ட் ஒவ்வொரு வருஷமும் தன் மனைவி கெர்டீனின் படத்தைத்தான் கொண்டுவருவான், ஒவ்வொரு வருஷமும் அது திரும்பிப் போகும். பெரிய கேமரா, ஸ்டாண்டு, விளக்கு எல்லாம் இம்மியும் பிசகாது. நடுவில் கெர்டீன் மட்டும் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்தவள்போல் விறைத்துக்கொண்டிருப்பாள்.

மன்றத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை, படத்தைக் கொண்டுவந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. முகத்துக்கு நேரே போட்டு உடைப்பதில் எங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது. நாசூக்கையெல்லாம் எப்போதோ பக்கத்து நாட்டு பெல்ஜியக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம்.

வழக்கம்போல் ஹார்ம்தான் ஆரம்பித்தான். குறை கண்டுபிடிப்பதற்கென்றே கண்ணாடி போட்ட ஆள். படம் சாய்ந்திருக்கிறது, புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்தைத் தின்றுவிட்டது என்று அடுக்கினான்.

"என்னப்பா இது, உன் பெரிய கேமரா எங்கே போச்சு? போன்ல எடுத்த மாதிரி இருக்கு. ஓரத்துல விரல் வேற மறைக்குது."

லூபெர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தலைவி மரைக்கே விரலை உயர்த்தினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

வேடிக்கை என்னவென்றால், ஹார்ம் கிழிக்கக் கிழிக்க லூபெர்ட்டின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு குறைக்கும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினான். திட்டு வாங்கி இப்படிக் குளிர்ந்துபோன ஆளை மன்றம் அதுவரை பார்த்ததில்லை.

திடீரென்று ஹார்ம் பேச்சை நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தின்மேல் குனிந்தான்.

படத்தில் கெர்டீன் ஒரு சோபாவில், ஈரத் தலையோடு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் கடித்த ஆப்பிள். சிரித்தபடி கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்ததெல்லாம் குப்பை," என்றான் ஹார்ம். "ஆனா இந்தப் பார்வை இருக்கே... இது எனக்கு வாழ்க்கையில ஒரு தடவைகூட அமைஞ்சதில்லை."

மரைக்கே படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா இவளை உன் படத்துல பார்க்கிறோம், லூபெர்ட். இன்னிக்குத்தான் ஆளையே பார்க்கிறேன். இப்படிப் பாருன்னு சொல்லி யாரையும் பார்க்க வைக்க முடியாது. எதிர்ல இருக்கிறவங்க மேல உசுரு இருந்தாத்தான் வரும்."

லூபெர்ட்டின் முகத்தில் வந்த தெளிவு போன இடம் தெரியவில்லை. இன்னும் வாய் திறக்காமல் இருந்த ரூலோஃபைப் பார்த்தான்.

ஹார்ம் இடது என்றால் வலது என்பவன் ரூலோஃப். அவன் வழக்கத்தைக் கைவிடவில்லை. கண்ணில் வெயில் பட்டிருக்கலாம், யாரோ ஜோக் அடித்திருக்கலாம், கையில் ஆப்பிளை வைத்துக்கொண்டால் எவருமே கொஞ்சம் அழகாகத்தான் தெரிவார்கள் என்றான். தண்ணீரில் விழுந்தவன் கரையில் நிற்பவனைப் பார்ப்பதுபோல் லூபெர்ட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்ம் விடுவதாக இல்லை. ஜோக்குக்கு வரும் சிரிப்பு வாயோடு நின்றுவிடும் என்றான், கண்ணைப் பார் என்றான், நீட்டிய கால் எந்தப் பக்கம் போகிறது பார் என்றான். "நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. உன் பொண்டாட்டி உன்னை என்னிக்காவது இப்படிப் பார்த்திருக்காளா?"

ரூலோஃப் படத்தைக் கையில் எடுத்தான். விளக்கடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். பிறகு பத்திரமாகக் கீழே வைத்தான்.

"இல்லை," என்றான். "ஒத்துக்கிறேன். இது காதல்தான்."

ஹார்மும் ரூலோஃபும் ஒத்துப்போனது மன்ற வரலாற்றில் அதுவே முதல்முறை. வாக்கெடுப்பில் ஒரு கைகூடக் கீழே இல்லை. வாசலுக்கு எதிர்ச் சுவரில், ஊரே பார்க்கும் இடத்தில் மாட்டலாம் என்று முடிவானது. திறப்புவிழாவுக்குக் கெர்டீனையே ரிப்பன் வெட்டச் சொல்லலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார்.

லூபெர்ட் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷம் பட்ட பாட்டுக்குக் கிடைத்த பலன், மனுஷன் தாங்கமுடியாமல் திணறுகிறான் என்று எல்லோரும் பூரித்துப்போனார்கள். மரைக்கே அவன் கோப்பையை நிரப்பினாள். எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் கொடுக்காத இரண்டாவது பிஸ்கட்டையும் பக்கத்தில் வைத்தாள்.

"முடிஞ்சுது. இப்போ நீ பேசலாம், லூபெர்ட்."

அவன் பிஸ்கட்டை ஓரமாகத் தள்ளிவைத்தான்.

"இது சும்மா ஒரு சிரிப்புன்னு நீங்க யாராவது சொல்லிடுவீங்கன்னு நம்பித்தான் கொண்டுவந்தேன்," என்றான்.

ஹார்ம் புரியாமல் மரைக்கேயைப் பார்த்தான். ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள்தான் கேட்டாள்.

"இதை கெர்டீனோட போன்ல பார்த்தேன். எடுத்தது நான் இல்லை."