முழங்கை வரை

தேசியப் பூங்கா வாசலில், சுற்றுலா வருபவர்கள் போட்டுப்போன பாட்டில்களைக் கழுவிக் கட்டிய மூட்டைகள் காலை வெயிலில் மின்னுகின்றன. உள்ளே எச்சில் ஒட்டியிருக்கிறதென்று போன இரண்டு லோடையும் மறுசுழற்சி லாரிக்காரர் திருப்பிவிட்டார். இரண்டும் குப்பையோடு குப்பையாக மான் மேயும் பள்ளத்துக்குத்தான் போயின. இன்றும் அவர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுகிறார். கழுவியவள், இங்கே அண்ணியோடு துப்புரவு வேலை செய்யும் நாத்தனார்; அவர் கையையே பார்த்தபடி தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் கையை எடுத்து நிதானமாக மோந்து பார்க்கிறார். “சட்டுனு சொல்லுங்கண்ணே, இவ மயங்கி விழுந்தா அதையும் நான்தான் அள்ளணும்” என்கிறாள் அண்ணி. “சோப்பு வாசந்தாம்மா வருது. ஏத்துங்க.” மூட்டைகள் லாரியில் ஏறுகின்றன. பள்ளத்துக்குப் போகக் காத்திருந்த தள்ளுவண்டி காலியாக நிற்கிறது. நாத்தனார் அதில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்ள, அண்ணி வாய் ஓயாமல் திட்டியபடி தள்ளிக்கொண்டு ஓடுகிறாள்.