மணிக்கொரு பத்திரிகை

"கல்யாணப் பத்திரிகை மணிக்கொரு தடவ வருது. பன்னெண்டு வருசமா பேச்சில்லாதவளக் கேலி பண்றீங்களாடி?" என்று காரிமங்கலத்திலிருந்து போனில் கத்தினாள் தீர்த்தம்மாள் அத்தை.

"இல்லீங்கத்தே, டைமர் கோளாறா இருக்குங்க" என்றாள் மணப்பெண் பூவிழி. பத்திரிகை அனுப்பும் வெப்சைட் அவள் எழுதியதுதான்.

"அவ பேர எவன் சேத்தது? எடுத்துடு" என்று அதட்டினார் அப்பா அறிவழகன்.

பூவிழி புரோகிராமை வரிவரியாகப் பார்த்தாள். டைமர் மணிக்கொரு முறை சரியாக ஓடி, இன்னும் அனுப்பாத பெயர்களுக்கு மட்டும் பத்திரிகை அனுப்பியது. 'அனுப்பியாச்சு' என்ற குறிப்பும் ஒவ்வொரு பெயரோடும் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டது. அத்தை பெயரில் மட்டும் அதை யாரோ ஒவ்வொரு முறையும் அழித்திருந்தார்கள்.

அழித்தது அப்பாவின் போனிலிருந்து.

"அப்பா..."

அவர் நிமிரவில்லை.

"அதுபாட்டுக்குப் போவட்டும் கண்ணு. அக்கா வரேன்னு இன்னும் சொல்லல."