பெருவிரலுக்கு ஸ்க்ரூ போட்ட கதை

ஒரு டீச்சரம்மாவின் வலது காலில் ஐந்து விரல்கள் அக்கா தங்கைகளாக இருந்தார்கள். டீச்சரம்மா கூர்மூக்குச் செருப்பாகவே வாங்கியதில், மூத்தவளான பெருவிரல் வருஷத்துக்கு வருஷம் சாய்ந்து, மெட்டி போட்ட இரண்டாம் விரலின் மேலேயே ஏறிவிட்டாள். இரண்டாமவள் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் மெட்டியைக் கழற்றிவிட்டு ஆபரேஷன் செய்தார்கள். ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபோது பெருவிரல் தள்ளி, நேராக நின்றாள்.

இரண்டாமவளுக்கு ஆவல் தாங்கவில்லை. "எப்படிக்கா? பிடிச்சு இழுத்தாங்களா?"

"இழுத்தா நிக்காதாம். மூட்டுல இருந்த வழவழப்பைச் சுரண்டி எடுத்துட்டு, ரெண்டு எலும்பையும் சேர்த்து வச்சு ஸ்க்ரூ முடுக்கிட்டாங்க. இப்போ ரெண்டும் ஒண்ணாயிடுச்சு."

"அப்போ அந்த இடத்துல மடங்க முடியாதா?"

"முடியாது. யார்மேலயும் சாயவும் முடியாது."

"அதுவே போதும்" என்று இரண்டாமவள் பெருமூச்சு விட்டாள். பிறகு பழக்கதோஷத்தில், இத்தனை வருஷம் சாய்ந்த பக்கமே சாய்ந்துகொண்டாள்.

அந்தப் பக்கம் நசுங்கிக் கிடந்த மூன்றாம் விரல் அன்றுதான் முதல்முதலாக வாயைத் திறந்தாள்.

"உனக்கு எப்போக்கா ஆபரேஷன்?"