கைத்தடிக்காரி

புரொஜெக்டர் கேபின் சுவரில் இருந்த சின்னச் சதுர ஓட்டை வழியாகத்தான் சங்கமித்ரா படம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி வைத்திருந்தாள்.

பக்கத்தில் கடைசி ரீல் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவன் அவள் அப்பன் பீம்ராவ். இந்த ரீல் இப்போதே அறுந்து தொலையக் கூடாதா என்றிருந்தது அவனுக்கு.

"நைனா, அந்தக்கா எப்ப வருவாங்க?"

இடைவேளையிலிருந்து இதே கேள்விதான்.

"வருவாங்கம்மா" என்றான், இந்தத் தடவையும்.

திருவொற்றியூரில் அந்தத் தியேட்டருக்கு வந்திருந்தது தமிழ் பேசும் இங்கிலீஷ் படம். உலகத்தைக் காப்பாற்ற ஒருவன் போதாதென்று ஆறு பேர். ஒருவன் பறப்பான். ஒருவன் கையில் நெருப்பு. ஒருவன் ரயிலையே தூக்கிக் கடாசுவான். இப்படி ஐந்து ஆம்பளைகள்.

ஆறாவது ஆள் ஒரு பெண். ஒரு கால் விளங்காது. வெள்ளியில் ஒரு கைத்தடி வைத்திருப்பாள். அதால் தரையில் ஒரு தட்டு தட்டினால் சுற்றியுள்ளது எல்லாம் அப்படியே நின்றுவிடும்.

பேப்பரில் வந்த விளம்பரத்தில் ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். சங்கமித்ரா அதைக் கிழித்து வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வியாசர்பாடி ஹவுசிங் போர்டுப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது, அவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மேட்னி காட்டுகிறேன் என்று பீம்ராவ் வாக்குக் கொடுத்திருந்தான்.

படம் வெள்ளிக்கிழமை வந்தது. ராத்திரி ஷோவில் பாதி ஜனம் பாதியிலேயே எழுந்து போனது. முழுசாகப் பார்த்தால் எண்ணூர் பக்கத்து ஆட்களுக்குக் கடைசி பஸ் கிடைக்காது.

மறுநாள் காலையில் மேனேஜர் அப்பாவு கேபினுக்கு ஏறி வந்தார். நீளப் படத்தைக் கேபினிலேயே கத்தரிப்பது அந்தத் தியேட்டரில் வழக்கம்தான். படப்பெட்டி திரும்பிப் போகும்முன் துண்டுகளை மறுபடி ஒட்டிக் கொடுத்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

"ஆறு பேருக்கும் ஆறு பிளாஷ்பேக்கு வச்சிகிறான்யா. நாலாவது ஆளு வர்றதுக்குள்ள மொத ஆளு மறந்துபூடுது. ஒர்த்தர தூக்கிடு" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு சொல்ல முடியவில்லை. அதுதான் பீம்ராவுக்கு வயிற்றெரிச்சல்.

படத்தில் நல்ல விஷயம் இல்லாமல் இல்லை. ரயில் சண்டைக்குத் தியேட்டர் கூரை பறந்தது. அந்த ஐந்து பேரும் ஒரே மேஜையில் தின்றுகொண்டே வாய்ச்சண்டை போடும் இடத்தில் இவனே சிரித்திருக்கிறான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவனும் அரைவேக்காடு. சேர்ந்து வந்தால் விசில் அள்ளியது.

ஆனால் யாரைத் தூக்குவது? ஒருவன் சண்டையில் இன்னொருவன் மாட்டிக்கொண்டு கிடந்தான். எவனை உருவினாலும் தையல் விட்ட துணி மாதிரி அடுத்தவனும் கூடவே வந்தான்.

அவள் மட்டும்தான் தனியாக இருந்தாள். அவளுக்கென்று ஒரு வீடு, ஒரு அம்மா, ஓர் ஆஸ்பத்திரி. கடைசியில் இடிந்து விழப்போகும் ஒரு பள்ளிக்கூடத்தை அவள் ஒருத்தியாகவே நிறுத்திப் பிடிக்கிறாள். அவ்வளவையும் எடுத்தாலும் கதையில் ஒரு கீறல்கூட விழாது. எழுதினவன் அப்படி எழுதித் தொலைத்திருந்தான்.

"வேற எதுனா எடுக்கலாம் சார்" என்று சொல்லிப் பார்த்தான். மகளைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"அந்தக் கைத்தடிக்காரி வந்தாலே படம் படுத்துக்குதுய்யா" என்று சொல்லிவிட்டு அப்பாவு படியிறங்கினார்.

பீம்ராவ் வெட்டினான். வெட்டிய துண்டுகளைச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடினான். பெட்டி அடுத்து மீஞ்சூருக்குப் போகிறது. ஒட்டித்தான் அனுப்ப வேண்டும். மீஞ்சூர்க்காரர்கள் அவளைப் பார்ப்பார்கள்.

கடைசி ஷாட்டில் மட்டும் கை வைக்க முடியவில்லை. ஆறு பேரும் பாலத்தின் மேல் வரிசையாக நிற்கிறார்கள், அவள் நடுவில். கத்தரியை வைத்து அவளை மட்டும் நறுக்கி எடுக்க வழியில்லை.

இன்று காலையில், "அடுத்த வாரம் போலாமாம்மா?" என்று கேட்டுப் பார்த்தான். சங்கமித்ரா அதற்குள் பவுடர் பூசி, ரிப்பன் கட்டி, பேப்பர் படத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தியேட்டரில் அவளைத் தூக்கிக்கொண்டுதான் படியேறினான். ஒரே ஒரு துண்டையாவது இந்த ஷோவுக்கு மட்டும் ஒட்டி ஓட்டலாமா என்றுகூட நினைத்தான். கீழே கடைசி வரிசையில் அப்பாவு உட்கார்ந்திருந்தார்.

பாலம் வந்தது. கீழே ஒரே விசில்.

"தோ நைனா! அந்தக்கா!"

கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் நின்றாள். காற்றில் முடி பறந்தது. மற்ற ஐந்து பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசினதெல்லாம் டப்பாவில் கிடந்தது.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. ஜனம் எழுந்து போக ஆரம்பித்தது.

பீம்ராவ் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தான். அந்தக்கா வெளியூர் போயிருந்தாங்க, சண்டை முடியும்போதுதான் திரும்பி வந்தாங்க.

ஏன் வரவில்லை என்று சங்கமித்ரா கேட்கவே இல்லை. ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்து, இரும்புக் கம்பி போட்ட பூட்ஸோடு தன் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி நேராக வைத்துக்கொண்டாள்.

"அவங்களயும் செருப்ப பாத்துக்கச் சொல்லிட்டாங்களா நைனா?"