பச்சைப்பிடி

பிடியில் கை அழுக்கு நன்றாக ஏறியிருந்தது.

அதைப் பார்த்ததும் அவனுக்கு முதலில் சந்தோஷம்தான். சொன்னதை ஐயம்பெருமாள் கேட்டிருக்கிறானே!

மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, உளியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

யாருக்குப் பிடி போட்டாலும் முதலில் பச்சையாகத்தான் கொடுப்பான். எண்ணெய் கிடையாது, வார்னிஷ் கிடையாது. ஒரு வாரம் பிடித்து வேலை பார்க்கச் சொல்வான். வியர்வையும் மரத்தூளும் சேர்ந்து, கை எங்கே உட்காருகிறது என்று பிடியே காட்டிவிடும். அதன் பிறகு அரம் போட்டு, விரல்களுக்குப் பள்ளம் எடுத்துக் கொடுப்பான்.

ஏன் என்று ஐயம்பெருமாள் கேட்டதில்லை. கடைசல் பட்டறையில் பாதி அவனுடையது என்றாலும் அவன் முன்பக்கக் கடையில் வியாபாரம் பார்ப்பவன். உளியைத் தொட்டவனில்லை.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இவன் கால் முறிந்த பிறகுதான் தொட்டான். அப்படித்தான் சொன்னான்.

"நீ வாற வரைக்கும் நானே மெஷின்ல நிக்கேன்டே. எங் கைக்கு ஒரு பிடி போட்டுக் குடு. உன் எடம் எங்க போகப் போவுது!"

சும்மா கிடக்க வேண்டாம் என்று ஒரு சாக்கு நிறையத் துருப்பிடித்த உளிகளையும் கொண்டுவந்து போட்டான். எந்த மூடிய பட்டறையில் அள்ளினானோ. வீட்டிலிருந்த புளியெல்லாம் கரைசலாகிப் பேசினுக்குள் போனது. ரசத்துக்குப் புளி எங்கே என்று மனைவி கேட்டபோது, உளிகள் குடித்துவிட்டன என்று சொல்லிச் சிரித்தான். துரு கழன்று, சாணையில் விளிம்பு வெள்ளி மாதிரி எழும்பியபோது, கால் முறிந்ததுகூட நல்லதுக்குத்தான் என்று தோன்றியது.

பிடியை மெல்ல உருட்டினான்.

மஞ்சக்கடம்பு. அழுக்கைத் துளியும் மறைக்காத மரம்.

உள்ளங்கை இருந்தது. கட்டைவிரல் இருந்தது. மூன்று விரல்களின் கறுப்பு பிடியைச் சுற்றி முழுதாக ஓடியிருந்தது.

ஆள்காட்டி விரலின் கறுப்பு பாதியில் நின்றுவிட்டது.

அதற்கு மேல் மரம் மஞ்சளாக, நேற்றுக் கடைந்தது போல இருந்தது.

விரலில் கட்டுப் போட்டிருப்பானோ?

காலையில் இந்த உளியைக் கொடுத்துவிட்டு, இதே அறையில்தான் ஐயம்பெருமாள் காப்பி குடித்தான். டம்ளரைச் சுற்றி விரல்கள் முழுசாக இருந்தன.

அவனுக்கு அந்தப் பாதி விரலைத் தெரியும்.

கரும்பு பிழியும் மெஷினில் தம்பி நாயகம் அந்த விரலை விட்டபோது, வேட்டியைக் கிழித்துச் சுற்றியவன் அவன்தான். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவனும் அவன்தான்.

நாயகம் கோயம்புத்தூரில் ஒரு கடைசல் பட்டறையில் இருக்கிறான். ஊர்ப் பக்கம் வரவே நேரமில்லை என்பான். ஆனால் தினமும் ஃபோன் செய்வான். கால் எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார், கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று கேட்பான். நேற்றும் கேட்டான்.

"அவசரப்படாதண்ணே. எலும்பு நல்லாக் கூடட்டும்."

எவ்வளவு பாசம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பேச்சுக்குப் பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நடுநடுவே பெல்ட் தட்டியது. கோயம்புத்தூரிலும் பெல்ட் தட்டும்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டான்.

இல்லை. அந்தத் தட்டல் அவனுடைய மெஷினுடையது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று அவன் தள்ளிப்போட்டு வந்த பெல்ட்.

உளியை மடியில் வைத்தான்.

இருவரில் ஒருவனாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வரும்வரை தம்பி நிற்கட்டும் என்று அவனே கூப்பிட்டு நிறுத்தியிருப்பான். ஒளித்துச் செய்கிறார்கள் என்றால் அது அவன் வரும்வரைக்கு அல்ல.

பேசினில் மற்ற உளிகள் ஊறிக்கொண்டிருந்தன. காலையில் ஐயம்பெருமாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது.

"மீதி உளிக்கெல்லாம் இதே அளவுல பிடி போட்டுருடே. சாயங்காலம் வந்து இத எடுத்துக்கிடுதேன்."

தன் இடத்தில் நிற்கப்போகிறவனுக்கு இத்தனை நாளும் தன் கையாலேயே உளி தீட்டியிருக்கிறான்.

ஃபோனை எடுத்தான். தம்பியின் பெயர் வரை போய், வைத்துவிட்டான்.

அரத்தை எடுத்தான்.

மூன்று விரல்களுக்கும் கறை போன வழியே பள்ளம் எடுத்தான். ஆள்காட்டி விரலின் பள்ளத்தைக் கறை நின்ற இடத்திலேயே நிறுத்தினான். அதற்கு மேல் மரத்தை மேடாக விட்டான். உப்புத்தாள் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தான். அவன் செய்த பிடிகளிலேயே இவ்வளவு நன்றாக எதுவும் அமைந்ததில்லை. அதுவும் அவனுக்கு வலித்தது.

சாயங்காலம் ஐயம்பெருமாள் வந்தான். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"பிடிச்சுப் பாரு," என்றான் அவன்.

ஐயம்பெருமாள் சிரித்துக்கொண்டே வாங்கினான். உள்ளங்கை உட்கார்ந்தது. மூன்று விரல்களும் எப்படியோ பள்ளத்தில் இறங்கின. ஆள்காட்டி விரல் மேட்டில் இடித்து நின்றது. உளியைத் திருப்பிப் பிடித்தான். மறுபடி இடித்தது.

நிமிர்ந்து அவனைப் பார்த்தான். அவன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐயம்பெருமாள் விரலை மெல்லப் பாதியாக மடக்கிக்கொண்டான்.

"எனக்குன்னே கடைஞ்ச மாதிரி இருக்குடே," என்றான்.