நேராகச் சுற்றிய சக்கரம்

"ஒத்துக்குங்க, உஸ்தாஸ் ஷாக்கிர். இது உங்க கைவேலைதானே?"

ஷாக்கிர் கட்டைவிரலை மடக்கி மறைத்தார். பசை அதில் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. எழுந்து ஓடலாமென்றால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும், மேசையோடு சேர்ந்த பெஞ்சில் தொப்பை வசமாக மாட்டியிருந்தது.

மிஸ் ரிஹாம் அந்த அட்டை நீர்ச்சக்கரத்தை விரலால் தட்டினாள். ஃபையூம் ஊர் வாய்க்காலில் ஓடும் நிஜச் சக்கரத்தைப் போலவே அது வழுக்கிக்கொண்டு சுழன்றது.

"எட்டு வயசுப் பொண்ணு இவ்வளவு நேரா வெட்டுமா? எழுதுபொருள் கடைக்காரர் வீட்டுல அட்டைக்கும் பசைக்கும் பஞ்சமா என்ன!"

"நானேதான் செஞ்சேன், மிஸ். ஒன்பது நாள்," என்றாள் மகள் நெஸ்மா. சுட்டுவிரலில் துணிக்கட்டு. கண் இதோ அதோ என்று ததும்பி நின்றது.

"அழகுக்கு நான் நிறம் போடறதில்ல, கண்ணு. உழைப்புக்குத்தான்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

மிஸ் ரிஹாம் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். மார்க்கெல்லாம் போய் நிறம் வந்துவிட்ட வகுப்பு அது. நீலம்தான் உச்சம், சிவப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

நீலம் வாங்கிய பதினொரு சக்கரங்கள் ஜன்னலோரம் வரிசையாக இருந்தன. "அதைப் பாருங்க. ஒண்ணாவது ஒழுங்கா நிக்குதா? ஒவ்வொண்ணுலயும் பிள்ளைங்க பட்ட பாடு தெரியுது. பார்க்கவே எனக்குக் கண்ணு கலங்குது."

ஷாக்கிருக்கும் கலங்கியது.

அவள் ஒன்றை எடுத்துத் தூக்கினாள். ஷாக்கிரின் கை தானாக அதன் கீழே நீண்டது. மறுநொடி ஒரு அட்டைப் பலகை கழன்று அவர் உள்ளங்கையிலேயே விழுந்தது.

முறைக்காகக் காத்திருந்த அம்மாக்களால் வாசல் நிறைந்திருந்தது. போன வாரம் கடையில், "உங்க கைக்கு ஒரு குறையும் வராம இருக்கணும்" என்று வாழ்த்தியவர்கள்தான். இன்று அவரைப் பார்த்ததும் எல்லோரும் சுவரில் ஒட்டியிருந்த பெருக்கல் வாய்ப்பாட்டைப் படிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் மட்டும் வராவிட்டால் கடையில் அவர் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

"பாபா, நீங்க சொல்லுங்க பாபா."

"அவதான் செஞ்சா," என்றார் ஷாக்கிர். அது அவருக்கே பொய் போலக் கேட்டது.

"சரி, அப்படியே வச்சுக்குவோம். ஒன்பது நாளும் சொந்தப் பொண்ணுக்கு ஒரு கை குடுக்காம நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"கடையில... கொஞ்சம் வேலை."

"பொண்ணு விரலை வெட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அப்படி என்ன தலைபோற வேலை?"

பேனா முனை தாளைத் தொட்டது. நெஸ்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஷாக்கிர் எழுந்தார். பெஞ்சும் மேசையும் கூடவே எழுந்தன.

"இந்தப் பதினொண்ணையும் கோணலா செஞ்சுக்கிட்டிருந்தேன், மிஸ்."