ஹில்லாவுக்கு மட்டும் பத்தியம்

"நாய்க்குத் தராசு வெச்சிருக்கே. உனக்கு மட்டும் கணக்கே கிடையாதா, கிழவா?"

மனைவி இர்யா கேட்டதற்கு ரெய்னோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முள் நீக்கி வேகவைத்த ஏரிமீனைத் தராசில் வைத்தார். துளி கூடிப்போயிற்று என்று கிள்ளி எடுத்தார். பக்கத்தில் மசித்த கேரட். உப்பு கிடையாது. இதுவா சாப்பாடு என்பது போல ஹில்லா அவரைப் பார்த்தது.

நாய்க்கு வைத்துவிட்டுக் கிழவர் தன் தட்டுக்கு வந்தார். கறுப்பு ரொட்டி, அதன்மேல் விரல் கனத்துக்கு வெண்ணெய், வெண்ணெய்மேல் வறுத்த பன்றி இறைச்சி.

பல வருஷங்களுக்கு முன்னால் அவருடைய இதயத்தில் அடைப்பு என்றார்கள். அன்றிலிருந்து இந்தக் கோடை வரை அந்த வீட்டுக்குள் வெண்ணெய் நுழைந்ததில்லை. கல்யாண விருந்தில்கூட இர்யா அவர் தட்டிலிருந்த கேக்கின் கிரீமை வழித்து எடுத்துவிடுவாள். ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருப்பாள். பிள்ளை குட்டி இல்லை. ஏரிக்கரையின் கடைசி வீடு. பனிக்காலத்தில் அக்கம்பக்கத்து விளக்குகூடக் கண்ணில் படாது. இந்த மனுஷனும் போய்விட்டால் அங்கே ஒற்றை ஆளாக எப்படி இருப்பது? அவளுக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான்.

இந்த இலையுதிர்காலத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. கிழவர்மேலிருந்த பத்தியம் இறங்கி நாய்மேல் ஏறிக்கொண்டது.

சனிக்கிழமை சவுனா நீராவி அறையில் வியர்த்துக் குளித்துவிட்டு வந்து சாசேஜ் சுடுவார்கள். கடைசித் துண்டு ஹில்லாவுக்கு என்பது அந்த வீட்டுச் சட்டம். ரெய்னோ அதையும் நிறுத்தினார்.

"கொழுப்பு, உப்பு. அதோட கிட்னி என்னத்துக்காகும்?" என்று சொல்லிவிட்டு, அந்தத் துண்டில் கடுகுச் சாந்தைத் தடவித் தானே தின்றார்.

"அப்போ உன் இதயம் என்னத்துக்காகும்?"

பின்லாந்து ஆண்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் இரண்டு கோப்பை காப்பி தீர்ந்துவிடும். அன்று கெட்டில் காலியான பிறகும் பதில் வரவில்லை. கடைசியில், "மீனை எத்தனை கிராம் வைக்கறேன்னு நீயும் பார்த்து வெச்சுக்கோ" என்றார்.

"நான் எதுக்குப் பார்க்கணும்? உன் நாய், உன் தராசு."

ஊருக்கு இந்தச் சாப்பாட்டுச் சண்டை பெரிதாகப் படவில்லை. அதன் கண்ணெல்லாம் வியாழக்கிழமைமேல். வாராவாரம் அன்றைக்கு ரெய்னோ இஸ்திரி போட்ட சட்டையோடு, ஹில்லாவைக் காரில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். நாய் டாக்டர் மெர்வியிடம் போவதாகச் சொன்னார். மெர்வி கணவனை இழந்தவள், பார்க்க லட்சணமானவள். நாய்க்கோ ஒரு தும்மல்கூடக் கிடையாது. போதாக்குறைக்கு, அவ்வளவு வெண்ணெய் தின்றும் கிழவர் இளைத்துக்கொண்டே வந்தார். பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது.

"இந்த வயசுல ஆம்பளை இளைச்சா அதுக்கு ஒரே காரணம்தான், இர்யா" என்றாள் கூட்டுறவுக் கடை ஐலா, பாலைப் பையில் வைத்தபடி. "என் வீட்டுக்காரரும் இப்படித்தான் இளைச்சார். இப்போ துர்க்கு நகரத்துல வேற ஒருத்திகூட இருக்கார். திரும்பக் குண்டாயிட்டாராம்."

அன்று மாலை இர்யா கேட்டேவிட்டாள்.

"மெர்விகிட்ட வாராவாரம் என்னதான் பேசறே?"

"சாப்பாட்டைப் பத்தி."

"யாரோட சாப்பாடு?"

"ஹில்லாவோடது."

அவ்வளவுதான். எழுந்து போய் நாயின் பாதத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். தன் கையை அவர் கடைசியாக அப்படிப் பிடித்தது எப்போது என்று இர்யா யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

மறுநாள் டவுனுக்குப் பஸ் ஏறினாள். அழக்கூடாது, கெஞ்சக்கூடாது. முக்கியமாக, கேள்வி கேட்கவே கூடாது. என் புருஷன் இங்கே எதற்கு வருகிறார் என்று இன்னொருத்தியிடம் போய்க் கேட்பதைவிட அவமானம் உண்டா? எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசிவிட வேண்டியதுதான்.

மெர்வி ஒரு பூனையைக் கூண்டில் விட்டுவிட்டுத் திரும்பினாள். "வாங்க இர்யா. ஹில்லாவுக்கு ஏதாவது...?"

"ஹில்லாவுக்கு என்ன, ராணி மாதிரி இருக்கு. வியாழக்கிழமை சமாச்சாரம் எனக்குத் தெரியும். மறைக்க வேண்டாம்."

மெர்வியின் முகம் சிவந்தது. "தெரியுமா?"

"முழுக்கத் தெரியும்."

மெர்வி கையுறையைக் கழற்றினாள். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியது. மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்து, இர்யா முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"இப்பதான் எனக்கு மூச்சே வருது" என்றாள் மெர்வி. "வீட்ல சொல்லுங்க, வீட்ல சொல்லுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுட்டு வர்ற வரைக்கும் ஹில்லா இங்கதான் படுத்திருக்கும். தன் வலியைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டார். 'நான் கிறிஸ்துமஸைத் தாண்ட மாட்டேன். அதுக்கப்புறம் இர்யாவுக்குத் துணையா இந்த நாய் ரொம்ப வருஷம் இருக்கணும், அதுக்கு என்ன போடட்டும்?' இதையேதான் திரும்பத் திரும்பக் கேப்பார்."

அவள் இர்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படியோ வாயைத் திறந்துட்டாரே. அந்த மனுஷன் உங்ககிட்ட எப்படித்தான் சொன்னார்?"